ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு செக்கன்

இந்த சீசனில் எங்கள் ஸ்கோர் மேசைக்கு டேப்லெட் வந்துவிட்டது. ஆட்டக்காரரின் இலக்கத்தைத் தொட்டுப் புள்ளியோ ஃபவுலோ எது வேண்டுமோ அதை அழுத்தினால் போதும். பிழையாக அழுத்திவிட்டால் மூலையில் ஒரு வளைந்த அம்புக்குறி இருக்கிறது. அதைத் தொட எல்லாம் பழையபடி ஆகிவிடும். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின கிழமை, அதைப் பழகிக்கொண்டிருந்த புதுப் பிள்ளை ஷர்மிளா என்னிடம் கேட்டாள்.

"மிஸ், பேப்பர்ல எழுதின காலத்தில பிழை விட்டா எப்பிடி அழிப்பீங்க?"

"அழிக்கிறேல்லை," என்றேன்.

"அப்ப?"

கேட்டாளே தவிர, கண் டேப்லெட்டில் இருந்தது. பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. எனக்கும் அது வசதியாகப் போயிற்று, ஏனென்றால் பதில் நீளமானது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கம்பனிகளுக்கு இடையே நடக்கும் கூடைப்பந்து லீக்கின் அலுவலகத்தில் நான் இருபத்தொன்பது வருடம் வேலை செய்தேன். பகலில் கடிதம், கோப்பு, போட்டி அட்டவணை. மாலையிலும் சனி ஞாயிறிலும் மைதான ஓரத்து மேசையில் ஸ்கோர் ஷீட். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டார் இதை ஒரு வேலை என்று ஒப்புக்கொள்ளவே பல வருடம் பிடித்தது. அண்ணன் பொறியியலாளர், அக்கா வங்கியில். வீட்டுக்கு வருகிறவர்களிடம் என்னைக் காட்டி, "இவ பந்து எண்ணுறா," என்று அப்பா சொல்லுவார். நானும் சிரித்துக்கொண்டு தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பேன்.

எனக்கு வேலை பழக்கியவர் லீக்கின் கொமிஷனர் ரணசிங்க சேர். போட்டி தொடங்க அரை மணி நேரம் முன்பே வெள்ளைக் காற்சட்டையோடு வந்துவிடுவார். பையில் ஒரு சிவப்புப் பேனை, ஒரு நீலப் பேனை. தன் கைக்குட்டையாலேயே மேசையைத் துடைப்பார். மேசைமேல் தண்ணீர்ப் போத்தல் இருந்தால் பேசாமல் எடுத்துக் கீழே வைப்பார். யார் வைத்தது என்று கேட்கமாட்டார், ஆனால் வைத்தவருக்கு அன்று முழுக்க உறுத்தும். கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்த சிங்களவர். அவருடைய தமிழில் வினைச்சொல்லுக்கு முடிவு இருக்காது, விஷயம் இருக்கும்.

முதல் இரண்டு மாதம் அவர் என்னை மேசையில் உட்காரவே விடவில்லை. மண்டபத்தின் அந்தப் பக்கச் சுவரோடு நின்று கையைக் காட்டுவார், இந்தப் பக்கம் இருந்து நான் எழுத வேண்டும். அந்தக் காலத்தில் சட்டைகளில் நாலிலிருந்து பதினைந்து வரைதான் இலக்கம். யாராவது ஃபவுல் செய்தால் நடுவர் மேசையைப் பார்த்து விரல்களால் அந்த இலக்கத்தைக் காட்டுவார். வலது கையை விரித்து இடது கையில் மூன்று விரல் காட்டினால் எட்டு. வலது கையைப் பொத்தி இடது கையில் மூன்று விரல் காட்டினால் பதின்மூன்று. பொத்திய கை பத்து, விரித்த கை ஐந்து. அவ்வளவுதான் வித்தியாசம்.

"மிஸ், பாத்தது எழுத வேண்டாம்," என்பார் சேர். "காட்டினது எழுத. ஹரித, சரிதானே? சந்தேகம் வந்தா பஸர் அடிச்சு கேக்க. வெட்கப்பட வேண்டாம்."

இந்த மூன்றையும் நான் இருபத்தொன்பது வருடம் மனப்பாடமாக வைத்திருந்தேன். ஒரே ஒரு நாள் மூன்றாவதை விட்டுவிட்டேன்.

முதலாம், மூன்றாம் கால்பகுதிகளுக்குச் சிவப்புப் பேனை, இரண்டாம், நாலாம் கால்பகுதிகளுக்கு நீலம். இரண்டு புள்ளிக்குச் சாய்ந்த கோடு, ஃப்ரீ த்ரோவுக்குக் கரும்புள்ளி. பிழை விட்டால் அழிக்கக் கூடாது. கீறி, திருத்தி, நடுவரின் கையெழுத்து வாங்க வேண்டும். தாளின் அடியில் ஒரு சின்னப் பெட்டி உண்டு. போட்டி முடிவில் ஆட்சேபம் இருந்தால் தோற்ற அணியின் கேப்டன் அதில் கையெழுத்திட வேண்டும். நடுவர் கடைசியாகக் கையெழுத்து வைத்துத் தாளை மூடினால் அந்தப் பெட்டியும் மூடிவிடும். அதற்குப் பிறகு கடவுளே வந்தாலும் ஆட்சேபம் இல்லை.

இனி டயர்காரர்.

இரத்மலானையில் ஒரு டயர் தொழிற்சாலை இருந்தது. அதன் அணியை எல்லோரும் டயர்காரர் என்றுதான் சொல்வோம். எங்கள் லீக்கில் ஆட்டக்காரர் எல்லோரும் அந்தந்தக் கம்பனியில் வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள். பந்து விளையாடத் தெரிந்ததால்தான் வேலையே கிடைத்திருக்கும். வங்கிக்காரருக்குப் பின்னேரம் மூன்று மணிக்கே பயிற்சிக்கு விடுதலை. டயர்காரர் ஷிஃப்ட் முடித்து, றப்பர் மணம் போகாத கைகளோடு ஒரு பழைய வான் வண்டியில் வருவார்கள். திரும்பிப் போகும்போது அந்த வான் தள்ளினால்தான் ஸ்டார்ட் ஆகும். தோற்ற நாளிலும் தள்ளுவார்கள், வென்ற நாளிலும் தள்ளுவார்கள். வென்ற நாளில் மட்டும் சத்தம் கொஞ்சம் கூட இருக்கும்.

அவர்களின் கேப்டன் எட்வின், பதின்மூன்றாம் இலக்கம். கொட்டாஞ்சேனையில் தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த சீமெந்து மைதானத்தில் பந்து பழகியவர். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது, இரண்டு முழங்காலிலும் பட்டி. கூடைக்குக் கீழே நிற்க அவரை விட்டால் அந்த அணியில் ஆளில்லை. ஒவ்வொரு போட்டிக்கு முன்னும் மேசைக்கு வந்து, "மிஸ், இன்னைக்கு சிவப்பா நீலமா?" என்பார். முதல் கால்பகுதிக்குச் சிவப்பு என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "சிவப்பு," என்பேன். "அப்ப சரி," என்று போய்விடுவார். போட்டி முடிய வந்து தன் ஃபவுல் வரிசையைப் பார்ப்பார். நாலு இருக்கும். ஐந்தாவது ஃபவுலோடு ஆட்டக்காரர் வெளியேற வேண்டும். அவர் அந்த சீசன் முழுக்க நாலோடு நிறுத்தினார். அது ஒரு கலை.

எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. கல்யாணம் நடக்கவில்லை. ஏன் என்று கேட்பவர்களும் ஓய்ந்துவிட்டார்கள். எட்வினின் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் போட்டிகளுக்கு வருவார்கள், என்னோடு கதைப்பார்கள். ஒளித்து வைக்க எதுவும் இல்லை. டயர்காரர் விளையாடும் நாளில் காலையிலேயே என் மனம் லேசாகிவிடும். 'சிவப்பா நீலமா' என்ற அந்தக் கேள்விக்காக நான் காத்திருப்பேன். மேசைக்காரிக்கு அணி கிடையாது என்பது சட்டம். எனக்கு இருந்தது. கையை மட்டும் நேராக வைத்திருந்தேன்.

அந்த வருடம் முதல் மூன்று போட்டியிலும் தோற்றார்கள். நாலாவதற்கு இரண்டு பேர் ஷிஃப்டில் மாட்டிக்கொள்ள ஆறு பேரோடு வந்து மேலதிக நேரத்தில் வென்றார்கள். அதற்குப் பிறகு எப்படி என்று எனக்கே விளங்கவில்லை, வென்றுகொண்டே இருந்தார்கள். தினேஷ் என்றொரு பையனைத் தேயிலைத் தோட்டப் பக்கத்திலிருந்து எடுத்திருந்தார்கள், எட்டாம் இலக்கம். இருபத்திரண்டு வயது. தூரத்திலிருந்து அவன் எறிந்தால் வலை மட்டும்தான் அசையும். எட்வின் கீழே இரண்டு பேரைத் தாங்கிக்கொண்டு பந்தை வெளியே தட்டிவிடுவார், தினேஷ் எறிவான். நான் மூன்று புள்ளிக்கு அவன் இலக்கத்தைச் சுற்றி வட்டம் போடுவேன். அந்த வட்டங்களைப் போடக் கிடைத்த மாலைகளுக்காக எனக்கு இன்றைக்கும் மனம் ஏங்குகிறது.

கடைசி நாலு அணிக்குள் வந்தபோது ஒரு செய்தியும் வந்தது. தொழிற்சாலை கை மாறுகிறது. புதிய முதலாளிமாருக்குப் பந்தில் அக்கறை இல்லை. இறுதிப் போட்டிக்குப் போனால் இன்னும் ஒரு வருடம் அணியை வைத்திருப்போம், இல்லையென்றால் இத்தோடு கலைக்கிறோம் என்று சொல்லிவிட்டார்களாம். எட்வின்தான் மேசையில் கையூன்றி இதைச் சொன்னார்.

"ஒரு வருசம் போதும் மிஸ். இந்த முழங்கால் அதுக்கு மேல தாங்காது."

அரையிறுதி வங்கி அணியோடு. மண்டபம் நிறைந்திருந்தது. இரண்டு நடுவர்களில் ஒருவர் நிஸாம், சாந்தமான மனிதர். இரண்டாம் கால்பகுதியில் பந்து பட்டு அவருடைய வலது கை விரல்கள் வீங்கிவிட்டன. இடைவேளையில் முதலுதவிப் பெட்டியைத் திறந்து, நான்தான் நடு விரலையும் மோதிர விரலையும் சேர்த்துப் பிளாஸ்டர் சுற்றிவிட்டேன். "இனி மடக்கவும் ஏலா, விரிக்கவும் ஏலா," என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அதிலிருந்த ஆபத்து அப்போது எனக்குப் படவில்லை.

மூன்றாம் கால்பகுதியில் எட்வினுக்கு ஒரு ஃபவுல் வந்தது. இலக்கம் சரியாகத் தெரியாததால் பஸர் அடித்து நிஸாமிடம் கேட்டேன். பதின்மூன்று என்றார், எழுதினேன். அதற்குள் வங்கியின் பயிற்சியாளர் மேசைக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார்.

"அந்த மிஸ் டயர்காரரின்ட ஆள்தானே. அவங்களுக்கு ஃபவுல் வந்தா மட்டும் கேள்வி கேக்கிறா."

ரணசிங்க சேர் அவரை இருக்கைக்கு அனுப்பினார். என்னைப் பார்க்கவில்லை. எனக்குக் காது சுட்டது, ஏனென்றால் அந்த மனிதன் சொன்னதில் பாதி உண்மை.

நாலாம் கால்பகுதி முடிய ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு செக்கன் இருந்தது. டயர்காரர் ஒரு புள்ளி முன்னால். எட்வினுக்கு நாலு ஃபவுல், தினேஷுக்கும் நாலு. வங்கியின் உயர்ந்த ஆட்டக்காரர் கூடைக்குக் கீழே எழும்ப, எட்வினும் தினேஷும் அவரோடு சேர்ந்து எழும்பினார்கள். விசில். தினேஷின் கை வங்கிக்காரரின் மணிக்கட்டில் பட்டதை நான் கண்டேன். தன் பிழையென்று தெரிந்தவன் கையை உயர்த்துவது போல அவன் கை பாதி உயர்ந்ததையும் கண்டேன். நிஸாம் மேசையை நோக்கி வந்து கையைக் காட்டினார். இடது கையில் மூன்று விரல். வலது கை பொத்தியிருந்தது.

பதின்மூன்று.

பஸரில் என் விரல் இருந்தது. நான் பார்த்தது எட்டு, காட்டியது பதின்மூன்று. சந்தேகம் வந்தால் கேட்க வேண்டும். ஆனால் மறுபடி எட்வினுக்காகக் கேட்டால், மறுபடி அந்த மனிதன் எழும்புவான், மண்டபம் முழுக்க என்னைப் பார்க்கும். நான் யாருக்கும் ஆள் இல்லை என்று காட்ட வேண்டும் போல இருந்தது. நீலப் பேனையால் பதின்மூன்றுக்கு எதிரே ஐந்தாவது ஃபவுலை எழுதினேன். சிவப்பு ஐந்து போட்ட பலகையை உயர்த்தினேன். கேட்பதற்கு அடிக்காத பஸரை எட்வினை வெளியேற்றுவதற்கு அடித்தேன்.

மற்ற நடுவர் போய் எட்வினிடம் சொன்னார். எட்வின் ஒரு கணம் தினேஷைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு வெளியே நடந்தார். நிஸாம் பந்தோடு கூடைப் பக்கம் திரும்பி நின்றிருந்தார்.

இரண்டு ஃப்ரீ த்ரோவும் விழுந்தன. எட்வின் இல்லாத கூடையடியில் வங்கிக்காரர் இன்னும் நாலு புள்ளி எடுத்தார்கள். தினேஷ் ஒரு மூன்று போட்டான். கடைசி ஆறு செக்கனில் இரண்டு புள்ளி பின்னால் நிற்கும்போது மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே பந்து அவன் கைக்கே வந்தது. எறிந்தான். வளையத்தில் பட்டு வெளியே போயிற்று. நான் ஸ்கோருக்குக் கீழே இரட்டைக் கோடு கீறித் தாளை முடித்தேன்.

நிஸாம் கையெழுத்து வைக்கக் குனிந்தவர் நிமிர்ந்தார்.

"மிஸ், இந்தக் கடைசி ஃபவுல் பதின்மூண்டுக்குப் போட்டீக்கிறீங்க. நான் காட்டினது எட்டல்லவா? எட்வின் போனதை நான் ஆள் மாத்துறாங்கன்னு நெனச்சேன்."

அவர் வலது கையை விரித்துக் காட்டினார். விரிக்க முயன்றார் என்பதுதான் சரி. நான் சுற்றிய பிளாஸ்டர் அதை விரிய விடவில்லை.

ரணசிங்க சேர் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "சந்தேகம் வந்ததா?"

"வந்தது சேர்."

"கேட்டதா?"

"இல்லை சேர்."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நீலப் பேனையை எடுத்து, மூடியைக் கழற்றி, ஸ்கோர் ஷீட்டோடு என் கையில் தந்தார். "கேப்டன் பெட்டி காலி. எழுதினது மிஸ். சொல்றதும் மிஸ். நிஸாம் சைன் பண்ணாம இருக்க, அது வரைக்கும்."

மேசையிலிருந்து டயர்காரர் உட்காரும் வாங்கு வரை ஒரு இருபது அடி இருக்கும். எட்வின் துவாயைத் தலையில் போட்டபடி சப்பாத்து நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் உடுப்பு மாற்றப் போயிருந்தார்கள். உள்ளே தினேஷ் அழுவது கேட்டது.

"எட்வின், அந்த அஞ்சாவது ஃபவுல் உங்கட இல்லை," என்றேன். "ரெஃபரி காட்டினது எட்டு. நான் பிழையா எழுதிட்டன். இதில சைன் பண்ணுங்கோ. திருப்பி விளையாட விடுவினம்."

அவர் தாளை வாங்கவில்லை. "உங்களுக்கு என்ன நடக்கும்?"

"அது என்ட பிரச்சினை. நீங்க சைன் பண்ணுங்கோ."

"என்ட ஃபவுல் இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும் மிஸ்."

எனக்கு விளங்கவில்லை.

"நான் அந்தாளைத் தொடவே இல்ல. தினேஷ் கையத் தூக்கப் போனான், நான்தான் வேணாம்னு கண்ணால சொன்னேன். எனக்கு கால் முடிஞ்சிருச்சு. அவன் இன்னைக்கு நல்லா எறிஞ்சிட்டு இருந்தான். அவன் உள்ள நிக்கட்டும், நான் போறேன்னு நெனச்சேன். அந்த பந்து விழுந்திருந்தா நாங்க ஃபைனல். அப்ப நான் உங்ககிட்ட வந்து, மிஸ் பிழையா எழுதிட்டீங்கன்னு சொல்லுவனா?"

நான் தாளை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நீட்டினேன்.

"சொல்ல மாட்டேன்ல. அப்ப தோத்த பொறகு எப்பிடி மிஸ் சைன் வைக்கிறது?"

"உங்கட டீமைக் கலைச்சிடுவாங்கள், எட்வின்."

"தெரியும்." துவாயால் முகத்தைத் துடைத்தார். பிறகு, "நான் வெளிய வரேக்க எவ்வளவு இருந்திச்சு?" என்று கேட்டார்.

"ஒரு நிமிசம் ஐம்பத்திரண்டு."

"அவ்வளவு நேரமும் வாங்கில இருந்து பாத்தேன். உள்ள நிக்க ஆசையா இருந்திச்சு மிஸ். கால் முடிஞ்சாலும் ஆசை முடியல." நாடாவை அவிழ்த்து முடித்தார். "நீங்க இத யாருக்கும் சொல்ல வேணாம். தினேஷுக்கு இன்னும் நிறைய விளையாட இருக்கு."

நான் மேசைக்குத் திரும்பினேன். "வேண்டாமாம் சேர்," என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. நிஸாம் கையெழுத்து வைத்தார். வெளியே அவர்கள் வானைத் தள்ளும் சத்தம் கேட்டது.

என் பிழையைப் பற்றிய அறிக்கையை நானே எழுதினேன். ஒரு சீசன் என்னை மேசையிலிருந்து நிறுத்திவைத்தார்கள், அது நியாயம். டயர்காரரின் அணி அடுத்த மாதமே கலைந்தது. தினேஷை வேறொரு கம்பனி எடுத்தது, பல வருடம் விளையாடினான். எட்வின் குடும்பத்தோடு இத்தாலிக்குப் போனார் என்று கேள்விப்பட்டேன். போகும்போது சொல்லிக்கொள்ள வரவில்லை. ஏன் வர வேண்டும், நான் யார். இருந்தாலும் பார்த்தேன். ஒரு மாதம் அலுவலகக் கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து பார்த்தேன்.

தினேஷும் இப்போது விளையாட்டை விட்டுவிட்டான். ரணசிங்க சேரும் இல்லை. அதனால்தான் இப்போது எழுதுகிறேன். சேருக்கு அந்தக் காரணத்தைச் சொல்லியிருக்கலாம் என்று எனக்கு இன்னும் மனவருத்தம் உண்டு. அவர் மேசையைத் துடைத்துக்கொண்டே கேட்டிருப்பார், ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை என் கடைசிப் போட்டி. முடிந்ததும் பிள்ளைகள் கேக் வெட்டினார்கள். ஒரு சால்வையும் போட்டார்கள், எனக்கு அது வெக்கையாக இருந்தது. மண்டபம் காலியானதும் ஷர்மிளா மணிக்கூட்டுப் பெட்டியை என் பக்கம் தள்ளினாள்.

"மிஸ், கடைசியா ஒருக்கா பஸர் அடிங்க."

"முதல்ல நேரம் போடு," என்றேன். "ஒரு நிமிசம் ஐம்பத்திரண்டு."

ஏன் என்று கேட்கப் போனவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போட்டாள். மணிக்கூடு ஓடத் தொடங்கியது. மைதானத்தில் யாருமில்லை. நான் அந்தப் பக்கக் கூடைக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு நேரம் எவ்வளவு நீளம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு ஆள் எத்தனை தடவை ஓடி வரலாம், எத்தனை பந்தை எட்டிப் பிடிக்கலாம், வெளியே நிற்கும் ஒரு பையனுக்கு எத்தனை தடவை தட்டிவிடலாம். பூச்சியத்துக்கு வந்ததும் பஸரை அடித்தேன்.

"யார் மிஸ் வெண்டது?" என்று ஷர்மிளா பகிடியாகக் கேட்டாள்.

"அது தெரியாது பிள்ளை," என்றேன். "பதின்மூண்டு கடைசி வரைக்கும் நிண்டவர்."